மாவைக் கொட்டும் அதிகாரம்

இட்லி மாவு விற்பதெல்லாம் ஸ்டார்ட்அப்பா என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதை நான் விட்டுவிட்டேன். 2016 ஜனவரியில் மத்திய அரசு ஸ்டார்ட்அப் இந்தியா என்று ஆரம்பித்ததிலிருந்து அந்த வார்த்தை நம்ம ஊர்க் கல்யாணப் பந்தி வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் அதைக் கேட்டதும் எல்லோர் மனதிலும் வருவது ஏசி அறையும் லேப்டாப்பும் பெங்களூருவும்தான். மதுரையில் அவனியாபுரம் பக்கம் ஒரு தகர ஷெட்டில் ராத்திரி முழுக்க கிரைண்டர் ஓடுகிற தொழிலை அந்தப் பெயரில் சேர்க்க அவர்களுக்கு மனசு வரவில்லை. சரி, சேர்க்காவிட்டால் போகிறது. ஆள் கூடக் கூட வரும் தலைவலி லேப்டாப் கம்பெனிக்கும் இட்லி மாவுக் கம்பெனிக்கும் ஒன்றுதான். எங்கள் சரக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் புளித்துவிடும் என்பது மட்டும் எங்களுக்குக் கூடுதல்.

தொழில் எப்படிப் போகிறது என்று விசாரிப்பவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, "எத்தனை கடைக்குப் போடுறீங்க?" என்பது. யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: ராத்திரி ரெண்டரை மணிக்கு ஒரு டப் மாவு சரியில்லை என்று தெரிந்தால் அதைக் கொட்டச் சொல்வது யார்? ஒரு கம்பெனி வளர்கிறதா, வெறுமனே வீங்குகிறதா என்பது எனக்கு இந்தக் கேள்வியில்தான் தெரியும்.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். மத்தியானம் அரிசியும் உளுந்தும் ஊறும். சாயந்தரம் ஆறு மணிக்கு கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் பதினொன்று பன்னிரண்டு வரைக்கும் அரைப்பு. அரைத்ததைக் கலந்து, உப்புப் போட்டு, பெரிய டப்களில் வைத்துப் பாதிப் புளிப்பில் பாக்கெட் போட்டுக் குளிர் அறைக்குள் தள்ளிவிட வேண்டும். மீதிப் புளிப்பு வாங்குகிறவர் வீட்டில் ஏற வேண்டும். நாலரை மணிக்கெல்லாம் குட்டி யானை வண்டிகளில் லோடு ஏறினால்தான் ஆறு மணிக்குக் கடை திறக்கும்போது ராக்கில் பாக்கெட் இருக்கும்.

இதில் நம் கையில் இல்லாத ஒன்று வெயில். மாவைப் புளிக்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். லியூகோநாஸ்டாக் என்று ஒரு வகை, அதுதான் வாயுவை விட்டு மாவைப் பொங்க வைப்பதில் முக்கியமான ஆள். அதற்கு மார்கழியும் தெரியாது, கத்திரியும் தெரியாது. சூடு கிடைத்தால் வேகமாக வேலை பார்க்கும், கிடைக்காவிட்டால் தூங்கும். மார்கழியில் ஆறு மணி நேரம் வைத்தாலும் அசையாத மாவு, அக்னி நட்சத்திரத்தில் மூன்று மணி நேரத்தில் டப்பின் விளிம்பைத் தொட்டுவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் கிரைண்டரிலேயே ஐஸ்கட்டி போட்டுத்தான் அரைக்கிறோம், கல் சூட்டிலேயே பாதி காரியம் கெட்டுவிடுகிறது என்பதால். உளுந்தும் லாட்டுக்கு லாட் மாறும். கீழமாசி வீதியில் வாங்கும்போது ஆந்திரா உளுந்து, பர்மா உளுந்து என்று வரும். புது உளுந்து நன்றாக மாவு காணும், பழைய உளுந்து காணாது, தண்ணீர் இழுப்பதும் வேறு மாதிரி இருக்கும். எவ்வளவுதான் தராசும் தெர்மாமீட்டரும் வைத்து எழுதி ஒட்டினாலும், கடைசியில் மாஸ்டர் டப்புக்குள் கையை விட்டு ஒரு கோரு கோரி, விரல் இடுக்கில் அது இறங்குவதைப் பார்த்து, மோந்து பார்த்துச் சொல்வதுதான் தீர்ப்பு.

இரண்டு கிரைண்டர், நாலு பேர் என்று இருந்த காலத்தில் இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் நானும் அங்கேயே படுத்திருப்பேன். "அண்ணே, நாலாவது டப் கொஞ்சம் ஏறிருச்சு, என்ன செய்ய?" என்று எழுப்புவார்கள், எழுந்து போய்ப் பார்ப்பேன், சொல்வேன். இப்போது ஷிப்டுக்கு ஷிப்ட் சேர்த்து நாற்பது பேர் பக்கம் இருக்கிறார்கள். பகலில் வங்கி, ஆடிட்டர், கடைக்காரர்கள், புது இடம், பழைய பாக்கி என்று ஓடிவிட்டு ராத்திரி ரெண்டரைக்கு டப்பையும் மோந்து பார்க்க வேண்டும் என்றால் ஒன்று நான் சாக வேண்டும் அல்லது மாவு கெட வேண்டும்.

அதனால் ராத்திரி மாஸ்டருக்கு ஒரு அதிகாரம் கொடுத்தோம். ஒரு ராத்திரிக்கு இரண்டு டப் வரைக்கும் யாரையும் கேட்காமல் கொட்டலாம். நோட்டில் டப் நம்பர், நேரம், காரணம் ஒரு வரி எழுதினால் போதும். அன்றைக்குக் காலையில் அதைப் பற்றி நானோ என் கூட்டாளியோ ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. திங்கட்கிழமை எல்லோருமாக உட்கார்ந்து நோட்டைப் படிப்போம், அப்போது பேசிக்கொள்ளலாம். இரண்டுக்கு மேல் போனால் மட்டும் போன்.

என் கூட்டாளி, சித்தப்பா மகன்தான், இதைக் கேட்டதும் சொன்னது: "கொட்டுறதுக்கு அதிகாரம் குடுத்தா தினமும் கொட்டுவாய்ங்கடா. அவிய்ங்க வீட்டு அரிசியா?" நியாயமான பயம். ஆனால் நடந்தது நேர் எதிர். யாருமே கொட்டவில்லை. மாஸ்டர் தினமும் போன் போட்டார். "தெரியும்ணே, இருந்தாலும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க." அவருக்குத் தெரியாமல் கேட்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், ஹோட்டல்களில் இருபது வருஷம் மாவோடு கிடந்தவர், என்னைவிட நூறு மடங்கு தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது என் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தை. நாளைக்கு நஷ்டக் கணக்கில் அவர் பெயர் வரக் கூடாது, அவ்வளவுதான். இத்தனை வருஷமும் அவர் வேலை பார்த்த இடங்களில் கொட்டியதற்குச் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள் என்பது பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது.

அதனால் நான் போனில் சொல்லும் பதிலை மாற்றிக்கொண்டேன். "மாவு உங்க கையில இருக்கு மாஸ்டர், நான் வீட்டுல இருக்கேன். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்." சில நாள் அந்தப் பக்கம் மௌனமாக இருக்கும். அப்புறம் "கொட்டிர்றேன்ணே" என்பார். அப்படியே அது "கொட்டிட்டேன்ணே" ஆனது. பிறகு போன் வருவது நின்று, நோட்டில் மட்டும் வந்தது. முதல் தடவை நோட்டில் அவர் எழுதியிருந்த காரணம் இன்னும் நினைவிருக்கிறது: "உளுந்து பழசு. வழுவழுப்பு இல்லை. கடைக்குப் போனால் நம்ம பேரு போயிரும்."

ஒரு டப்பைக் கொட்டினால் போவது அரிசி, உளுந்து, கரண்ட், கூலி. எவ்வளவு என்று காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம். கொட்டாமல் அனுப்பினால் போவதைக் கணக்கே போட முடியாது. பதினோரு மணிக்குள் பாக்கெட் உப்பி, தலையணை மாதிரி ஆகிவிடும். கடைக்காரர் சண்டைக்கு வர மாட்டார், மதுரைக் கடைக்காரர்கள் அந்த விஷயத்தில் தங்கமானவர்கள். "பரவால்ல தம்பி, ரிட்டர்ன் எடுத்துக்கிருங்க" என்பார். மறுநாள் போய்ப் பார்த்தால் கண்மட்டத்தில் இருந்த நம்ம பாக்கெட் பிரிட்ஜின் கடைசித் தட்டுக்குப் போயிருக்கும், அந்த இடத்தில் வேறொரு மாவு உட்கார்ந்திருக்கும். கே.கே. நகரில் ஒரு கடையில் கடைசித் தட்டிலிருந்து மேலே வர எங்களுக்கு ஒரு முழுக் கோடைக்காலம் ஆனது.

அதனால்தான் எனக்கு விற்பனை எண்ணிக்கையில் பெரிய நம்பிக்கை கிடையாது. புதுக் கடைகளைச் சேர்த்துக்கொண்டே போனால் விற்பனை ஏறும், ரிட்டர்னும் கூடவே ஏறும், மொத்தத்தைப் பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் தெரியும். நான் பார்ப்பது பழைய கடைகளின் ரிட்டர்னை மட்டும். ஒரு வருஷத்துக்கு மேல் நம்மிடம் வாங்குகிற கடையில் ரிட்டர்ன் கூடுகிறது என்றால் உள்ளே ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மேனேஜ்மென்ட் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்த அதிகாரத்தை முதலில் கொடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. என் கட்சி இது: நிறுத்துகிற அதிகாரம் முதலில் கீழே போக வேண்டும். கொடுக்கிற அதிகாரம், அதாவது கடன் கொடுப்பது, தள்ளுபடி கொடுப்பது, ஆள் எடுப்பது, மெதுவாகப் போகலாம். பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. சேல்ஸ் பையனுக்குத் தள்ளுபடி கொடுக்க உரிமை இருக்கும், ஆனால் கெட்ட சரக்கை வண்டியிலிருந்து இறக்க உரிமை இருக்காது.

டொயோட்டா தொழிற்சாலைகளில் உற்பத்தி லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் பழுதைக் கண்டால் ஒரு கயிற்றை இழுக்கலாம், அல்லது பொத்தானை அழுத்தலாம். உடனே குழுத் தலைவர் வருவார், சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். அது ஜப்பான், கார், கோடிகள் என்று தள்ளிவிடலாம். நம்ம ஊரிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கையோடு ஆரம்பித்தது. இன்றைக்கு அங்கே போனால் பார்வை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, நோயாளியைத் தயார் செய்வது, அறுவை மேசையில் எடுத்துக் கொடுப்பது எல்லாம் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள். டாக்டர் ஒரு மேசையில் அறுவை முடிக்கும்போது அடுத்த மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையைத் தவிர வேறு எதையும் டாக்டரிடம் விடவில்லை. எங்க அம்மாவுக்குக் கண்புரை அறுவைக்காகப் போயிருந்தபோது வராண்டாவில் உட்கார்ந்து இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, "என்னடா அந்தப் பிள்ளைகளையே பாக்குற" என்று கேட்டது தனிக் கதை.

கடைகளுக்கு வண்டியில் சரக்குப் போடும் எங்கள் லைனிலும் இதே முறையைத்தான் வைத்திருக்கிறோம். வண்டியில் போகிற பையன், பாக்கி அதிகமான கடைக்குச் சரக்கை நிறுத்தலாம், என்னைக் கேட்க வேண்டாம். ஆனால் பாக்கியைத் தள்ளிப் போட அவனால் முடியாது, அதற்கு ஆபீஸுக்கு வர வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால் மதுரையில் லைன் பையனும் கடைக்காரரும் ஏதோ ஒரு வகையில் மாமன் மச்சானாக இருப்பார்கள். "மாப்ள, அடுத்த வாரம் பாத்துக்கலாம்டா" என்று அவர் தோளில் கைபோட்டால் பையனால் முகத்தை முறிக்க முடியாது. "ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க மாமா" என்று சொல்ல அவனுக்கு ஒரு வழி இருக்க வேண்டும். திட்டை ஆபீஸ் வாங்கிக்கொள்ளட்டும், உறவு அவனுக்கு இருக்கட்டும்.

சொந்தக்காரர்களை வேலைக்கு வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். வைத்திருக்கிறோம், வைக்காமல் இங்கே தொழில் செய்ய முடியாது. ஒரே நிபந்தனை, சொந்தக்காரர் நேராக எனக்குக் கீழேயோ கூட்டாளிக்குக் கீழேயோ வேலை பார்க்கக் கூடாது. வேறொருவருக்குக் கீழே இருக்க வேண்டும், அந்த வேறொருவருக்கு அவரைக் கண்டிக்கும் துணிச்சல் இருக்க வேண்டும். பெரிய அத்தை மகன் ஒருவன் பேக்கிங்கில் இருக்கிறான். லேட்டாக வந்தால் சூப்பர்வைசர் அக்கா வாசலிலேயே நிறுத்திவிடுவார். அத்தை எனக்குப் போன் போடுவார். நான் எடுக்க மாட்டேன்.

பணத்துக்கு வருகிறேன். இட்லி மாவில் இருக்கும் பெரிய வசதி, சின்னக் கடைகளில் அன்றைக்கே, இல்லாவிட்டால் இரண்டொரு நாளில் காசு வந்துவிடும். கீழமாசி வீதியில் அரிசி, உளுந்துக்குப் பத்து நாள் தவணை. ஆக, விற்ற காசு வாங்கின காசை முந்திவிடும், வளர வளரக் கையில் பணம் கூடும். சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் இந்தக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். பெயர் வேண்டாம், ஒரு சங்கிலிக் கடையில் அறுபது நாள் என்றார்கள். பத்தாம் நாள் நான் உளுந்துக்குக் காசு கொடுக்க வேண்டும், அறுபதாம் நாள் எனக்குக் காசு வரும், நடுவில் இருக்கும் ஐம்பது நாளுக்கு யார் பணம்? அங்கே ஒரு பாக்கெட் கூடுதலாக விற்றால் ஐம்பது நாள் பணம் கூடுதலாக முடங்கும். விற்பனை இரட்டிப்பானால் முடங்குவதும் இரட்டிப்பு. நல்ல விற்பனையில் இருக்கும்போதே சம்பளத் தேதிக்கு நகையை வைக்கிற கம்பெனிகள் எல்லாம் இந்தப் பள்ளத்தில் விழுந்தவைதான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் இருந்து வருமான வரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை வாங்குகிறவர் பணத்தைக் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். வட்டி கேட்டு வழக்குப் போட்டால் மறுநாள் ராக்கில் நம்ம மாவு இருக்காது என்பதால் அந்த வட்டியை யாரும் கேட்பதில்லை. ஆனால் வரி விஷயம் வேலை செய்கிறது, ஏனென்றால் அதை நாம் கேட்க வேண்டியதில்லை, அவர்களுடைய ஆடிட்டரே கேட்பார். நான் பேரம் பேசும்போது சட்டம் என்ற சொல்லையே எடுக்காமல் "உங்க ஆடிட்டர் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்று மட்டும் சொல்வேன். அறுபது நாற்பத்தைந்தாக இறங்கும். இறங்காத இடத்தை விட்டுவிட்டோம். மொத்த விற்பனையில் சூப்பர் மார்க்கெட் கால்வாசியைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறோம்.

ஆள் எண்ணிக்கை பத்தைத் தொட்டால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. வரும், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. பெண்கள் பாதுகாப்புக்கான உள் புகார்க் குழுவும் பத்துப் பேரில் வந்துவிடும். இருபதில் பி.எஃப். இதைத் தவிர்க்கப் பத்தொன்பது பேரோடு நிறுத்திவிட்டு மீதியை வேறு பெயரில் கணக்குக் காட்டுகிறவர்களைத் தெரியும். ராத்திரி கிரைண்டரில் கை மாட்டினால் எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று அவர்கள் யோசித்திருப்பார்களா தெரியவில்லை. மாஸ்டர் எங்களிடம் நின்றதற்கு சம்பளத்தைவிட இ.எஸ்.ஐ. கார்டு பெரிய காரணம், அவர் வீட்டம்மாவுக்கு சர்க்கரை.

இவ்வளவும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு பரீட்சை உண்டு, அழகர் ஆற்றில் இறங்கும் நாள். தீபாவளிக்கு முந்தின நாள் விற்பனை இதைவிட அதிகம், இட்லியும் கறிக்குழம்பும் இல்லாமல் மதுரையில் தீபாவளி விடியாது, ஆனால் அது வெறும் உற்பத்திப் பிரச்சினை, முன்கூட்டியே அரைத்துக்கொள்ளலாம். சித்திரையில் வருவது வேறு. கத்திரி வெயில் நெருங்கிவிட்டது, மாவு வேகமாக ஏறும். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்க்க ஊரே தல்லாகுளத்தில் நிற்கும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் லீவு கேட்பார்கள், கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுக்காவிட்டாலும் போய்விடுவார்கள். விடியற்காலை கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. எங்கள் ஷெட் ஆற்றுக்குத் தெற்கே, கடைகளில் பாதி வடக்கே.

போன சித்திரையில் அன்றைக்கு ராத்திரி நானும் வீட்டாரோடு ஆற்றங்கரையில்தான் இருந்தேன், கூட்டத்தில் போன் சிக்னலும் இல்லை. மறுநாள் மத்தியானம் ஷெட்டுக்குப் போனால் நோட்டில் மூன்று வரி. வடக்கு லைன் வண்டிகளை ரெண்டு மணிக்கே ஏற்றி விரகனூர் ரிங் ரோடு வழியாகப் பாண்டி கோயில், மாட்டுத்தாவணி என்று சுற்றி அனுப்பியாயிற்று. தல்லாகுளம், கோரிப்பாளையம் கடைகளுக்கு அன்று சப்ளை இல்லை, கடைக்காரர்களுக்கு முந்தின நாளே சொல்லியாயிற்று. மூன்று டப் கொட்டியாயிற்று, ஓனர் போன் எடுக்கவில்லை.

இரண்டுக்கு மேல் போனால் போன் என்பது விதி. போன் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் விதி எழுதவே இல்லை, மாஸ்டரும் லைன் சூப்பர்வைசரும் தாங்களே பேசி முடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை கூட்டத்தில் கூட்டாளி அந்த மூன்றாவது டப்பைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தான். மாஸ்டர் சொன்னார், "வேணும்னா ரெண்டையும் கொட்டிட்டு மூணாவதை அனுப்பியிருக்கலாம் தம்பி. அழகர் பாத்துட்டு வந்த சனம் காலைல அதத்தான் தின்னுருக்கும்." கூட்டாளி மேலே பேசவில்லை. அன்றைக்கே எல்லையை நாலு டப் ஆக்கினோம், கோடைக்கு மட்டும்.

திருமங்கலம் பக்கம் இரண்டாவது யூனிட்டுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கப்பலூரில் ஒரு ஷெட் பிடித்திருக்கிறது, தண்ணீர் நன்றாக இருக்கிறது, அட்வான்ஸ்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். கூட்டாளி உடனே முடிக்கலாம் என்கிறான். அங்கே ராத்திரி நோட்டு எழுத ஒரு ஆள் தயாராகட்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாஸ்டர் தன்னோடு இருக்கும் ஒரு பையனைக் காட்டுகிறார், கை நன்றாக இருக்கிறதாம். இன்னும் ஒரு டப்பைக் கூட அவன் தானாகக் கொட்டவில்லை.